பந்தைப் பார்த்து அடிப்பது

எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த கம்பெனிக்கு ஒரு வருஷம் திடீரென்று கோல்ஃப் மேல் ஆசை வந்தது. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷங்கள் ஆகியிருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்துபோகிற வாடிக்கையாளர்கள் எல்லாரும் அந்த ஆட்டத்தைப் பற்றியே பேசுகிறார்கள் என்பதால், கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் ஒரு போட்டிக்கு எங்களிடமிருந்தும் நான்கு பேர் போக வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. மூன்று பேர் கிடைத்துவிட்டார்கள். நான்காவது ஆளைத் தேடிக்கொண்டிருந்த என் மேலாளர் ஒருநாள் என் மேஜைக்கு வந்து நின்றார். கோயம்புத்தூர்க்காரர், மரியாதை தெரிந்தவர்.

"நீங்க ஸ்டேட்டுக்கு ஆடியிருக்கீங்களாமே மேடம். இத்தனை நாளா சொல்லவே இல்லீங்களே."

"அது எப்பவோ சார். விட்டு ரொம்ப வருஷமாச்சு."

"ஏனுங்க விட்டீங்க?"

"படிப்பு முடிஞ்சு வேலைக்கு வந்தாச்சு. நேரம் கெடைக்கல."

கேட்பவர்களுக்குச் சொல்வதற்கென்று நான் வைத்திருந்த பதில் அது. உண்மையான பதில், தினமும் காலையில் கம்பெனி வண்டி ஓசூர் ரோட்டில் கடந்துபோகிற மனநல ஆஸ்பத்திரியின் வாசலில் இருந்தது. அந்த இடம் வரும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பமாட்டேன். வண்டியில் கூட வருகிற யாருக்கும் காரணம் தெரியாது.

அப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு ராணுவத்தாரின் கோல்ஃப் மைதானத்தில் புல்தரையைப் பராமரிக்கிற பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. விவேக்நகரில் எங்கள் வீடு. மைதானம் ஒரு பஸ் தூரம். மத்தியான வெயிலில் ஆட யாரும் வராத நேரத்தில் தம்பியும் நானும் விளையாட அவருக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். அப்படித்தான் கற்றுக்கொண்டோம். நான் மாநில அணிக்குப் போனேன் என்பது உண்மை. ஆனால் எங்கள் இருவரில் ஆட்டக்காரன் என்றால் அவன்தான். நான் பயிற்சி செய்து அடித்தேன். அவன் நடந்துபோகிற மாதிரி அடித்தான்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம், அவன் கல்லூரி கடைசி வருஷத்தில் இருந்தபோது, ஒரு பயிற்சி நாளில் பந்துக்கு முன்னால் மட்டையோடு குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். பின்னால் காத்திருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கூப்பிட்டார்கள். நான் கிட்டே போனேன். "மரத்துக்குப் பின்னாடி ஒருத்தன் சத்தமா எண்ணிட்டே இருக்கான்க்கா. அவன் நிறுத்தட்டும், அடிக்கறேன்" என்றான். மரத்துக்குப் பின்னால் யாரும் இல்லை. போட்டி நெருங்குகிற பயம் என்று அப்பா நினைத்தார். சில மாதங்களில் அவன் தூக்கத்தை விட்டான், கல்லூரியை விட்டான், ஜன்னல்களுக்கெல்லாம் பேப்பர் ஒட்டினான். ஆஸ்பத்திரியில் அந்த வியாதிக்குப் பெயர் சொன்னார்கள். வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. "அவனுக்கு முடியல" என்போம். அவ்வளவுதான்.

அவனைத் தனியாக விட முடியாது. அம்மா ஒருத்தியால் சமாளிக்க முடியாது. வேலையிலிருந்து நான் நேராக வீட்டுக்கு வர ஆரம்பித்தேன். கோல்ஃபை விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் முடிவு செய்யவில்லை. ஒரு வாரம் போகவில்லை, அடுத்த வாரமும் போகவில்லை, அவ்வளவுதான். பிறகு அப்பா இறந்தார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளறையிலிருந்து வந்த குரலைக் கேட்டு, காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அதுவும் ஒரு கட்டத்தில் நின்றது.

மேலாளரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பையை இறக்கினேன். ஏன் இறக்கினேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பையின் ஜிப் துருப்பிடித்து வரவில்லை. கத்தரியால் வெட்டினேன். மட்டைகளின் பிடி ரப்பர் வெடித்து, தொட்டால் கையில் கறுப்பாக ஒட்டியது. ஷூவின் அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். "எதுக்கு இப்ப இதையெல்லாம் கீழ எறக்கின?"

"ஆபீஸ்ல கேக்கறாங்கம்மா. ஒரு போட்டி இருக்கு."

"அந்த மைதானத்துலதான் அவனுக்கு ஆரம்பிச்சுது."

"வியாதி எங்க இருந்தாலும் வந்திருக்கும்னு டாக்டர் எத்தனை தடவை சொல்லியிருக்காரு."

"டாக்டர் பாத்தாரா? நீயும் நானும்தான் பாத்தோம்."

தம்பி டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மாத்திரைகளால் உடம்பு கனத்திருந்தது. நடை மெதுவாகியிருந்தது. கைகளில் எப்போதும் ஒரு நடுக்கம். ஆனால் சில வருஷங்களாக அமைதியாக இருந்தான். சத்தங்கள் முழுதாக நிற்கவில்லை, தூரமாகப் போயிருக்கின்றன என்று அவனே சொல்வான். எழுந்து வந்து ஒரு மட்டையை எடுத்துப் பிடியைத் தடவிப் பார்த்தான்.

"இது எல்லாத்தையும் மாத்தணும்க்கா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, டிவியைப் பார்த்துக்கொண்டே, "நானும் வரேன்" என்றான்.

அப்பாவின் பேரில் எங்களுக்கு இன்னும் மைதானத்துக்குள் போகிற அட்டை இருந்தது. பிடிகளை மாற்றி, புது ஷூவும் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். ஆட்டக்காரர்களை வரிசைப்படி அனுப்புகிறவர் அப்பாவோடு வேலை பார்த்த கன்னடக்காரர். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "எஷ்டு வருஷ ஆயித்தம்மா, பன்னி பன்னி, வாங்க வாங்க" என்று வரவேற்றவர், தம்பியைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

முதல் பந்தை வைத்துவிட்டு நின்றபோது, கைக்கு எல்லாம் ஞாபகம் இருப்பது போலத்தான் இருந்தது. விரல்கள் தாமாக வந்து பொருந்தின. மட்டையைப் பின்னால் கொண்டுபோனேன். அடித்தேன். மட்டை பந்தின் உச்சியில் பட்டு, பந்து தரையோடு உருண்டு பெண்கள் ஆடத் தொடங்குகிற திட்டைக்கூடத் தாண்டாமல் நின்றது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதில் பந்து அசையவே இல்லை. பின்னால் காத்திருந்த இரண்டு அதிகாரிகள் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்கள். அன்று சில குழிகளோடு நிறுத்திக்கொண்டேன். உள்ளங்கையில் கொப்புளம். இடுப்பு மறுநாள் நாற்காலியில் உட்கார விடவில்லை.

மேலாளரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு மோசமாக ஆடிய பிறகு எப்படிச் சொன்னேனோ. ஒருவேளை அந்த மோசம்தான் என்னைச் சொல்ல வைத்ததோ.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனோம். வீட்டில், எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்து, ஹாலின் சிமெண்ட் தரையில் பந்தை உருட்டிப் பழகினேன். டம்ளரில் பந்து விழுகிற சத்தம் கேட்டால் அம்மா சமையலறையில் பாத்திரத்தை ஓங்கி வைப்பாள். உருட்டுகிற ஆட்டம் சீக்கிரமே திரும்பி வந்தது. தூரம் அடிப்பதுதான் வரவில்லை. நன்றாக ஓங்குவேன், நன்றாக இறக்குவேன், கடைசி நொடியில் ஏதோ ஆகி பந்து உருண்டு ஓடும். எடை எந்தக் காலில், தோள் எவ்வளவு திரும்புகிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். உபயோகமில்லை. பழைய ஆட்டம் இப்படித்தான் போகும்போலிருக்கிறது, உடம்பு அதை மறந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த வாரங்களில் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. ஆபீஸில் சின்ன விஷயத்துக்கு ஒரு பெண்ணிடம் எரிந்து விழுந்தேன். அவள் பாத்ரூமில் போய் அழுதாள்.

தம்பி எனக்குச் சில கஜ தூரத்தில் பையைச் சுமந்துகொண்டு நடப்பான். நான் அடிக்கும்போது மர நிழலில் நின்று சிகரெட் பிடிப்பான். சில சமயம் உதடுகள் அசையும். எதிரே வருகிற ஆட்டக்காரர்கள் பார்ப்பார்கள். வரிசை அனுப்புகிறவர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு மூணு லேடீஸ் கேட்டாங்க, அவரு யாருன்னு" என்றார்.

"என் தம்பி. இங்கேயே வளர்ந்தவன். உங்களுக்குத் தெரியாதா?"

"நனகே கொத்தும்மா. எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு அவர் தன் நாற்காலிக்குப் போனார்.

அன்று நான் அடித்த எதுவும் மேலே எழும்பவில்லை. ஐந்தாவது குழிக்குப் போகிற வழியில், வேலிக்குப் பக்கத்தில் பந்து கிடந்தது. அடித்து, அது உருண்டதும் மட்டையைத் தரையில் குத்தினேன். தம்பி பையைக் கீழே வைத்தான்.

"நீ பந்தைப் பாக்கறதே இல்லக்கா."

"பாக்காம எப்படிடா அடிப்பேன்?"

"அடிக்கறதுக்கு முன்னாடியே தலையத் தூக்கிடற. என்னைப் பாக்கற. ஒவ்வொரு தடவையும்."

அவன் குறையாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னான். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். இத்தனை வருஷங்களில், ஒரு அறைக்குள் நுழைந்தால் அவன் எங்கே இருக்கிறான் என்று முதலில் பார்ப்பேன். சாப்பிடும்போதும், போன் பேசும்போதும், தூக்கம் கலைந்து புரண்டு படுக்கும்போதும் அப்படித்தான். அது என்னை அறியாமல் நடக்கிற காரியமாகிவிட்டிருந்தது. மைதானத்தில் மட்டும் நடக்காமல் இருக்குமா?

காரணம் தெரிந்ததால் சரியாகிவிடவில்லை. பார்க்கக்கூடாது என்று நினைக்க நினைக்கக் கழுத்து இன்னும் வேகமாகத் திரும்பியது. அவனை எனக்குப் பின்னால் நிற்கச் சொல்லிப் பார்த்தேன். அப்போது பின்பக்கமாகத் திரும்பினேன். பல வாரங்கள் இப்படிப் போன பிறகு, ஒரு காலையில் ஏழாவது குழியில், எப்படியோ பந்து போய்விட்ட பிறகும் அது இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்டுப்பட்ட புல், ஒரு எறும்பு. மட்டை எங்கேயும் தட்டின உணர்வே கையில் இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது பந்து ரொம்ப உயரத்தில் இருந்தது. அடுத்ததும் அப்படியே போனது. அதற்கடுத்ததும். அவனிடம் காட்டலாம் என்று திரும்பினேன். மரத்தடியில் பை இருந்தது. அவன் இல்லை.

முதலில் புதர்களுக்குப் பின்னால் தேடினேன். பிறகு கூப்பிட்டேன். பிறகு ஓடினேன். மைதானத்தில் ஒரு குளம் உண்டு. அதன் கரையில் போய் நின்று தண்ணீரைப் பார்த்த அந்தச் சில நிமிஷங்களைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. புல் வெட்டுகிறவர்கள் இரண்டு பேர் வண்டியை நிறுத்திவிட்டு என்னோடு தேடினார்கள். வரிசை அனுப்புகிறவர் வாசல் காவல்காரரிடம் ஓடினார். "ஒருத்தர் வெளிய போனார், தடியா இருந்தார்" என்று காவல்காரர் சொன்னார். வெளியே பஸ் போகிற ரோடு. எதிரே டெலிபோன் பூத். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அவன் இங்கதான் இருக்கான்" என்றாள் அம்மா. "இப்பதான் வந்தான். தோசை சாப்பிடறான். நீ எங்க இருக்க?"

ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன். அவன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். வியாதி வந்த பிறகு அவன் தனியாகப் பஸ் ஏறியதே கிடையாது.

"சொல்லிட்டுப் போக மாட்டியாடா?"

"சொன்னேனே. கால் வலிக்குது, வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன். நீ குனிஞ்சிட்டே இருந்த."

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. அம்மா என் தட்டில் தோசையை வைத்தாள்.

போட்டியில் நான் சுமாராக ஆடினேன். ராணுவ மைதானம் இல்லை, ஊருக்கு வெளியே புதிதாக வந்த ஒன்று. பழைய ஆட்டத்தில் பாதி இருந்திருக்கும். எங்கள் அணி நடுவில் எங்கேயோ வந்தது. எல்லாருக்கும் தொப்பி கொடுத்தார்கள். மேலாளருக்கு ஒரே சந்தோஷம்.

"வீட்ல இருந்து யாரும் பாக்க வரலீங்களா மேடம்?"

"தம்பி வந்திருப்பான். அவனுக்கு உடம்பு சரியில்ல."

"அடடா. என்னங்க உடம்புக்கு?"

"மனசுக்கு சார். ரொம்ப வருஷமா."

அவர் கையிலிருந்த டீ கப்பைப் பார்த்தார். "சரிங்க" என்றார். பிறகு டீ வாங்கப் போனார், கப் நிறைய டீ இருந்தபோதே. அதன் பிறகு அவர் என்னிடம் வீட்டைப் பற்றிக் கேட்டதே இல்லை. வேலையில் முன்பைவிட அதிகமாக மரியாதை காட்டினார். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

போட்டி முடிந்தும் நாங்கள் மைதானத்துக்குப் போவதை விடவில்லை. அவனும் அடிக்க ஆரம்பித்தான். முதலில் வெறும் மட்டையை வீசிப் பார்த்தான், பிறகு பந்து வைத்தான். உடம்பு கனத்துப் போயிருந்தாலும், மட்டை இறங்கி வருகிற விதத்தில் அந்தப் பழைய சுலபம் கொஞ்சம் தெரிந்தது. உருட்டுவதுதான் முடியவில்லை. பந்துக்குப் பின்னால் மட்டையை வைத்தால் கை நடுக்கத்தில் அது தரையில் தந்தியடிக்கும். பந்து குழிக்குப் பக்கவாட்டில் போகும். "இந்தக் கையை வெச்சிட்டு என்ன பண்றது" என்று ஒருமுறை சொன்னான். மாத்திரையால் வருகிற நடுக்கம், அதற்கும் டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறாரே என்றேன். அவன் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

சில மாதங்களில் நடுக்கம் குறைந்தது. அவன் நேராக உருட்ட ஆரம்பித்தான். முகத்தில் ஒரு தெளிவு, நடையில் வேகம். அம்மாவேகூட, "நல்லாத்தான் இருக்கான் போல" என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். ஒரு ஞாயிறு என் பந்து குளத்தில் விழுந்தது. வேறு பந்து எடுக்கப் பையின் சின்ன அறைக்குள் கையை விட்டேன். பந்துகளுக்கு அடியில், பந்தை ஏற்றி வைக்கிற மரக்குச்சிகளோடு கலந்து, மாத்திரைகள். வெள்ளையும் மஞ்சளுமாகக் கைநிறைய. வாயில் போட்டு எடுத்ததில் சில கரைந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

அவன் அப்போது புல்வெளியில் உட்கார்ந்து ஒரு நீளமான உருட்டலுக்குச் சாய்வு பார்த்துக்கொண்டிருந்தான். உருட்டினான். விழுந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"கை நிக்குதுக்கா" என்றான். "பாரேன்." இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினான். நின்றிருந்தன.

டாக்டரிடம் மறுநாளே கூட்டிப்போனேன். மாத்திரைகளைத் திரும்ப ஆரம்பித்தார்கள். தாமதமாகிவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் சத்தங்கள் கிட்டே வந்துவிட்டன. மறுபடி ஜன்னல்களுக்குப் பேப்பர். ஒருநாள் அம்மாவையே யாரோ என்று நினைத்துக் கதவைத் தாழிட்டுக்கொண்டான். ஓசூர் ரோட்டு வாசலுக்குள் மறுபடி அவனைக் கூட்டிப்போனோம். வார்டில் சேர்த்துவிட்டு வந்த அன்று அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அவள் சொன்னதில் பாதியாவது சரிதானே என்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. மட்டையை அவன் கையில் திரும்பக் கொடுத்தது அந்த மைதானம்தான். மட்டைக்காகத்தான் அவன் மாத்திரையை ஒளித்து வைத்தான். ஆனால் அந்தச் சில மாதங்கள் அவன் முகம் இருந்த மாதிரி நான் பல வருஷங்களாகப் பார்த்ததில்லை. இதையும் அதையும் சேர்த்து வைத்து ஒரு முடிவுக்கு வர என்னால் இன்றுவரை முடியவில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் நான் பையை எடுத்தேன். அம்மா ஹாலில் உட்கார்ந்து அவனுக்குக் கொண்டுபோக வேண்டிய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் அங்க படுத்துக் கெடக்கான். நீ பந்தடிக்கப் போற."

"பத்து மணிக்கு மேலதாம்மா உள்ள விடுவாங்க. முடிச்சிட்டு நேரா அங்க வந்துடறேன்."

"போகாட்டி என்ன?"

"போகாம இருந்து பாத்தாச்சும்மா."

அவள் ஒரு சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். நான் ஷூவைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். தெருமுனை வரைக்கும் திரும்பிப் போய்விடலாமா என்றுதான் இருந்தது.

தூறிக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. தனியாக ஆடினேன். முதல் சில குழிகளில் அழுகையாக வந்தது. பந்து இஷ்டத்துக்குப் போனது. பிறகு வெறுமனே நடந்தேன், அடித்தேன், நடந்தேன். நல்ல அடிகள் சில விழுந்தன. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மணி நேரம் நான் எதையும் காவல் காக்காமல் இருந்தேன்.

ஈர ஷூவோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மா ஏற்கெனவே அங்கே இருந்தாள். தம்பி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கைகள் மறுபடி நடுங்கின. என்னை அடையாளம் தெரிந்தது. அதுவே அந்த வாரத்தில் பெரிய முன்னேற்றம்.

"மழையா?" என்றான்.

"தூறல்தான்."

அம்மா கூடையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். அவன் ஸ்பூனைப் பிடிக்கச் சிரமப்பட்டான். வாங்கி ஊட்டப் போன அம்மாவின் கையைத் தள்ளிவிட்டு, கொஞ்சம் சிந்தி, கொஞ்சம் சாப்பிட்டான். நான் ஷூவைக் கழற்றி வார்டு வாசலில் வைத்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அம்மா இன்னொரு ஸ்பூனை என் பக்கம் நீட்டினாள்.

"காலைல ஒண்ணும் சாப்பிடாம போன" என்றாள்.